அங்கே அத்தான்னு கூப்பிடாதே

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையிலேயே ரெண்டு தடவை வாந்தி. வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கேன். எழுதாம வேற என்ன செய்ய? இந்தப் பதினாலாவது மாடியில பேச ஒரு நாதி உண்டா? எதிர் வீட்டுக்காரி பார்சல் வந்தா மட்டும் கதவைத் திறப்பா. என்னைப் பார்த்துச் சிரிப்பா, மூடிக்குவா.

உண்டாகியிருக்கேன். இதை எழுதும்போதே கை கூசுது, ஏன்னா இன்னும் வாய்விட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மூணு மாசம் முடியட்டும்னு அத்தான் சொல்லிட்டாங்க. ஊரே அப்படித்தான், வெளியாளுக்குச் சொல்ல மாட்டாங்க, சரி. பெத்த அம்மாகிட்டயுமா சொல்லக் கூடாது? அத்தைக்கும் தெரியக் கூடாதாம். அவங்க அக்கா பார்வதி மதினிகிட்ட மூச்சே விடக் கூடாதாம். அவளுக்குச் சொன்னா என்ன, கண்ணு வச்சிருவாளா? பாவம் அவ.

அத்தான்னா என் வீட்டுக்காரர்தான். கோமதிநாயகம். எங்க அப்பாவோட கூடப்பிறந்த அக்கா மகன். நான் சங்கரன்கோவில்ல பிறந்த அன்னைக்கு, 'ஏலே, உனக்குப் பொண்டாட்டி வந்திருக்காடா'ன்னு அஞ்சு வயசுப் பிள்ளையைத் தூக்கிக் காட்டியிருக்காங்க. 'எனக்கு வேண்டாம், சைக்கிள்தான் வேணும்'னு ஆஸ்பத்திரியே இடிஞ்சு விழுற மாதிரி அழுதாங்களாம். கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா ஒரு சைக்கிளை ரிப்பன் கட்டி மண்டபத்துக்குள்ள உருட்டிக்கிட்டே வந்துட்டார். ஒரு வருஷம் ஆகப் போகுது. சைக்கிள் கீழ பார்க்கிங்ல துரு ஏறி நிக்குது.

சனிக்கிழமை டாக்டரைப் பார்த்தோம். பொம்பள டாக்டர். நர்ஸ் என்னை எடை பார்க்க, பிரஷர் பார்க்கன்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டா. திரும்பி வரும்போது அத்தான் டாக்டருக்கு எதிர்ல உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிச்சிருந்தாங்க. எனக்கு வசதியாப் போச்சு, இங்கிலீஷ்ல திணற வேண்டாம். ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, கீரை சாப்பிடுங்கன்னாங்க டாக்டர். எங்க வீட்டுல எல்லாருக்குமே ரத்தம் கம்மிதான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அத்தான் எந்திரிச்சுட்டாங்க.

ஆகஸ்ட் 8, வியாழன்

முருங்கைக்கீரை ஆய்ஞ்சேன், பொரிச்சேன், சாப்பிட்டேன், கக்கினேன். இவ்வளவுதான் இன்னைக்கு.

ஆகஸ்ட் 12, திங்கள்

அத்தான் இன்னைக்குச் சிரிச்ச முகமா வந்தாங்க. அதிசயம்.

"ஏட்டி செண்பகம், சனிக்கிழமை ஒரு எடத்துக்குப் போறோம்."

"எங்கத்தான்?"

"காமெடி பார்க்க. ஆளு நேர்ல நின்னு பேசுவான். சாப்பாடும் அங்கனேயே. எங்க மேனேஜர் மேடம் டீமுக்கே டேபிள் போட்டிருக்காங்க. எல்லாரும் ஜோடியா வாராங்க."

எனக்கு ஒரே குஷி. கல்யாணம் ஆகி இந்த ஆள் என்னை ஆபீஸ் ஆளுங்க முன்னால கூட்டிட்டுப் போறது இதுதான் முதல் தடவை. என்ன சேலை கட்டன்னு கேட்டா, சேலை வேண்டாம், சுடிதார் போடுங்காங்க. சரி. பூ வேண்டாங்காங்க. அதுவும் சரி. பெறவு செருப்பைக் கழத்திக்கிட்டே, எங்கேயோ பார்த்துக்கிட்டுச் சொல்லுதாங்க: "அங்கன வந்து அத்தான் நொத்தான்னு கூப்பிடாத, என்ன."

"பெறவு எப்படிக் கூப்பிட?"

"நாயக்னு கூப்பிடு. ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுதாங்க."

கோமதிநாயகத்தை வெட்டி நாயக் ஆக்கியிருக்காங்க. நான் சமையல்கட்டுல நின்னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். பாதியில நாக்கு நின்னுச்சுன்னா புருஷனைக் கூப்பிட்ட மாதிரியே இருக்காது. சொன்னேன். அவங்களுக்குச் சிரிப்பு வரல.

ஆகஸ்ட் 17, சனி

கிளம்பிட்டோம். நீலச் சுடிதார். எலுமிச்சம்பழம் ஒண்ணு பைக்குள்ள வச்சிருக்கேன், குமட்டுனா மோந்து பார்க்க.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நல்லா வேணும் எனக்கு. குஷி என்ன குஷி.

கடைக்குப் பேர் 'வயிறு குலுங்க'. வாசல்லயே கையில பட்டை ஒட்டி விடுதான், சந்தையில ஆட்டுக்குக் குறி போடுற மாதிரி. உள்ள போனா ஒரே இருட்டு, ஏசிக் குளிர், அதுல எண்ணெய் வாடை. உசரமான ஸ்டூல். உட்கார்ந்தா கால் தரையில படாது. எங்க மேசை மேடைக்கு நேர் முன்னால. மேனேஜர் ப்ரியம்வதா மேடம் "புதுப் பொண்ணு சுவர் ஓரமா சாயட்டும்"னு அன்பா என்னை மூலையில உட்கார வச்சாங்க. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அத்தான், முன்னால மேசை. நான் வெளிய வரணும்னா நாலு பேர் எந்திரிக்கணும். பாத்ரூம் கதவு எங்க இருக்குன்னு தேடுனேன். மேடைக்குப் பக்கத்துல, லைட் அடிக்கிற எடத்துல இருக்கு.

"ஷோ நடக்கும்போது எந்திரிக்காத, அவன் பிடிச்சுக்குவான்"னு அத்தான் காதுல சொன்னாங்க. பிடிச்சுக்குவான்னா? எந்திரிக்கிறவங்களை, லேட்டா வாரவங்களை, முன்னால உட்கார்ந்திருக்கவங்களைக் கேள்வி கேட்டுக் கிண்டல் பண்ணுறதுதான் அவன் தொழிலாம். அப்பிடின்னா எதுக்கு முன்னால வந்து உட்கார்ந்தோம்?

ஆளுக்கு ரெண்டு அயிட்டமாவது வாங்கியே ஆகணுமாம். தயிர்சாதம் இருக்கான்னு கேட்டேன். ஆர்டர் எடுக்க வந்த பையன் சிரிச்சுட்டான். மேடம் எனக்குச் சேர்த்தே சொன்னாங்க. ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸ்ல சாம்பார் ஊத்தி, அதுல பொத்தான் மாதிரி நாலு இட்லியைப் போட்டு, குச்சி குத்திக் கொண்டாந்தான். சாம்பார் ஆறிப் போய் மேல ஆடை படிஞ்சிருக்கு. இன்னொரு தட்டுல என்னமோ வாயில நுழையாத பேர்ல ஒண்ணு. கடிச்சா மிளகாய் பஜ்ஜி. உள்ள மாவு வேகல. ஊர்ல நம்ம பஜ்ஜிக் கடைக்காரர் இதைப் போட்டிருந்தா சட்டியோட கவுத்தியிருப்பாங்க. இங்கே எல்லாரும் "சூப்பர்"னு சாப்பிடுதாங்க. இருட்டுல என்னத்தத் தின்னுதோம்னு யாருக்குத் தெரியும்.

மேடையில வந்த பையன் பேர் ரோஷன். மெலிஞ்ச உடம்பு, பெரிய கண்ணாடி. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். முதல்ல டிராஃபிக்கு, பெறவு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பு, பெறவு அவன் அம்மா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க. எனக்கு ரெண்டு எடத்துலதான் சிரிப்பு வந்துச்சு. மீதி நேரமெல்லாம் பக்கத்து மேசையில கோழி வறுத்த நாத்தம் வயித்தைப் புரட்ட, எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு இருந்தேன். அதைப் பார்த்துட்டான்.

"அக்கா, என் ஜோக் அவ்வளவு நாறுதா?"

சபையே திரும்புச்சு. அத்தான் உடனே சிரிச்சாங்க. அவன் மேடையை விட்டு இறங்கி வந்துட்டான். புதுசாக் கல்யாணம் ஆனவங்களா, லவ்வா அரேஞ்ச்டான்னு கேட்டு, மைக்கை அத்தான் கையில குடுத்தான். பதில் சொல்லுவாங்கன்னு நான் சாதாரணமா இருக்கேன். அப்பா கூடப்பிறந்த அக்கா மகன்னு ஒரு வரி. அதுல சொல்ல என்ன இருக்கு?

"ட்ரெயின்ல பார்த்தோம்"ங்காங்க.

எனக்குக் காதுல சரியா விழலையோன்னு நினைச்சேன். "நான் மேல் பெர்த். இவ எதிர்ல கீழ் பெர்த். நல்ல மழை. ஜன்னல் ஷட்டரை இழுக்கா இழுக்கா, வரல. இறங்கிப் போய் மூடி விட்டேன். தேங்க்ஸ்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. விடியிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரல."

ஜனம் "ஓஓ"ன்னு கத்துது. "ஸ்டேஷன்ல என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு நாயக்!"னு ப்ரியம்வதா மேடம் எடுத்துக் குடுக்காங்க. அப்போ இந்தக் கதை அவங்களுக்கெல்லாம் பழைய கதை. இவங்க ஆபீஸ்ல எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. எனக்கு மட்டும்தான் புதுசு.

இதை இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போறா. எனக்கு முதல்ல வந்தது கோபம் இல்ல, பொறாமை. சின்ன வயசிலேருந்து இந்த ஆளை எனக்குப் பிடிக்கும். லீவுக்கு எப்ப வருவாங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்திருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன்னை நினைச்சுத் தூக்கம் வரலன்னு என்கிட்டச் சொன்னதில்ல. அந்த ட்ரெயின்ல போற மூதிக்குச் சொல்லுதாங்க!

"அக்கா, அந்தத் தேங்க்ஸை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க"ன்னு அந்தப் பையன் என்னைக் கேட்டான். நான் பேந்தப் பேந்த முழிச்சேன். "அக்காவுக்கு ட்ரெயினே ஞாபகம் இல்லையே, அண்ணா நீங்க வேற யாருக்கோ ஜன்னல் மூடியிருக்கீங்க"ன்னான். சிரிப்பு கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. எனக்கோ அதுக்குள்ள ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்குது. இந்த நேரத்துல அது எங்க சொன்ன பேச்சைக் கேக்குது? அத்தான் பக்கம் சாய்ஞ்சு மெல்லச் சொன்னேன்.

"அத்தான், எனக்கு பாத்ரூம் போணும்."

மைக் இன்னும் அவங்க கையில இருந்ததை மறந்துட்டேன்.

ஸ்பீக்கர்ல என் குரல் எனக்கே கேட்டுச்சு. அப்புறம் ரோஷன் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டான். "அத்தானா? ட்ரெயின்ல பார்த்தவர் அத்தான்னா, டிக்கெட் செக் பண்ண வந்தவர் யாரு, பெரியப்பாவா?"

"சும்மா... செல்லமா கூப்பிடுவா"ன்னு அத்தான் சொன்னாங்க. அவன் விடுவானா? இதுதான் அவனுக்கு அன்னைக்கு நைட்டோட பெரிய வேட்டை. சொந்தத்துல கட்டுறவங்களைப் பத்தி ஆரம்பிச்சான். கல்யாண வீட்டுல பொண்ணு வீட்டுப் பந்தி, மாப்பிள்ளை வீட்டுப் பந்தின்னு போட முடியாதாம், ஏன்னா ஒரே ஆள் ரெண்டு இலையிலயும் உட்கார்ந்து ரெண்டு பக்கமும் குறை சொல்லணுமாம். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எங்க சித்தப்பா அப்படித்தான் செஞ்சார். அடுத்து சொன்னான்: "அவங்களுக்குப் பிள்ளை பிறந்தா டாக்டர் பர்த் சர்ட்டிஃபிகேட் குடுக்க மாட்டாரு. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு சீட்டு எழுதிக் குடுப்பாரு."

சபை சிரிச்சது. எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சது அத்தான். முன்னால, முதல் ஆளா. ஆனா மேசைக்கு அடியில என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்த கை ஐஸ் மாதிரி இருந்துச்சு, வேர்த்து ஊத்துச்சு. வெட்கம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

"எந்திரிங்க, நான் போணும்"ங்கேன். "செத்த பொறு"ங்காங்க. பொறுத்தேன். சுவரோட ஒட்டிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஷோ முடியிற வரைக்கும் பொறுத்தேன். அந்த நேரத்துல எனக்கு நரகம்னா என்னன்னு யாராவது கேட்டிருந்தா, சுவர் ஓரத்து ஸ்டூலும் ஆறின சாம்பாரும்னு சொல்லியிருப்பேன்.

கார்ல கேட்டேன். "என்னைக் கட்டுனதைச் சொல்ல வெட்கமா இருக்கா உங்களுக்கு?"

"சவத்த விடு."

"விட மாட்டேன். சொல்லுங்க."

"அங்கன எல்லாம் சொந்தத்துல கட்டுனேன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்கட்டி. அவன் பேசுனதைக் கேட்டேல்ல?"

அவன் பேசுனது உங்க கதைக்கு அப்புறம்தானேன்னேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அத்தான் வீடு துடைச்சாங்க, மாதுளை உரிச்சு டப்பாவுல போட்டு வச்சிருக்காங்க. நான் தொடல. சாயங்காலம் யாருக்கும் தெரியாம தின்னுட்டேன், பிள்ளைக்காக.

ஆகஸ்ட் 21, புதன்

டாக்டர்கிட்ட ரெண்டாவது தடவை. அடுத்த வாரம் ஸ்கேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே தனக்குத்தானே பேசுற மாதிரி சொல்லிக்கிட்டு வந்தாங்க: "சொந்தத்துல கல்யாணம் இல்ல... குடும்பத்துல யாருக்கும் ரத்தம் சம்பந்தமா பிரச்சினை இல்ல... சரி, நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தானைப் பார்த்தேன். அவங்க சுவர்ல மாட்டியிருந்த கொழுகொழுன்னு இருக்கிற பிள்ளை படத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

சொல்லியிருக்கணும். அந்த நொடியில வாயைத் திறந்திருக்கணும். என்னால முடியல. வாயைத் திறந்தா ஸ்பீக்கர்ல கேட்டுரும்கிற மாதிரி ஒரு பயம். டாக்டர் தலையில கை வச்சுச் சிரிச்சுட்டா? நர்ஸுங்க வெளிய போய் நின்னு பேசிச் சிரிச்சா? அந்த மூலை ஸ்டூல்லயே இன்னும் உட்கார்ந்திருக்கேன் நான். மக்கு மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன்.

ஆபீஸ்ல சொன்ன பொய்யை நான் மன்னிச்சுக்குவேன். அது பவுசுக்குச் சொன்னது. டாக்டர்கிட்ட என்ன பவுசு?

ஆகஸ்ட் 22, வியாழன்

பாலுவைப் பத்தி எழுதணும்.

பார்வதி மதினி அத்தானுக்கு அக்கா. அவளை எங்க சித்தப்பா மகனுக்குத்தான் குடுத்தது. அதுவும் சொந்தத்துலதான். அவங்களுக்கு ஒரே மகன் பாலு. அவனுக்கு உடம்புல ரத்தம் ஊறாது, தலசீமியான்னு டாக்டர் சொன்னாங்க. மாசா மாசம் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் ஏத்துவாங்க. ஏத்தின வாரம் ரோஸ் நிறத்துல ஓடி ஆடுவான், மாசக் கடைசியில மஞ்சளடிச்சுப் போய் தின்னக் குடுத்ததைத் திங்காம மடியில கிடப்பான். அத்தான் மதுரையில வேலை பார்த்தப்போ ஒரு தடவை விடாம அவங்கதான் கூட இருந்தது. ஏழு வயசு கூட நிறையல, போயிட்டான். அன்னைக்கு அத்தான் அழுத அழுகையை நான் பார்த்திருக்கேன். ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்ல. அதுக்கு அப்புறம் சென்னைக்கு வந்துட்டாங்க. பாலு பேரை அவங்க வாயால நான் கேட்டதே இல்ல.

குலதெய்வக் குத்தம்னு வீட்டுல பேசிக்கிட்டாங்க. நானும் அப்ப நம்பினேன். கணக்குல எம்.எஸ்ஸி படிச்சவ, நம்பினேன். இன்னைக்கு ஃபோன்ல தேடித் தேடிப் படிச்சேன். ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்தக் குறை ஒளிஞ்சிருந்தா நாலுல ஒரு பிள்ளைக்கு வருமாம். ஒளிஞ்சிருக்கவங்களுக்கு ஒண்ணும் செய்யாதாம், கொஞ்சம் ரத்தம் கம்மியா இருக்கும், அவ்வளவுதானாம்.

ஃபோனைக் கவுத்தி வச்சுட்டுத் துணி மடிக்கப் போனேன். மடிச்ச துணியையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கேட்டுட்டேன். காபியைக் குடுத்துட்டு எதிர்லயே உட்கார்ந்துட்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்?"

"பாலுவுக்கு என்ன வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கும் அதே ரத்தம், உங்களுக்கும் அதே ரத்தம். சொன்னா ஒரு டெஸ்ட் எடுப்பாங்கல்லா?"

"டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிரும்லா செண்பகம்."

"தெரியத்தானே எடுக்கது!"

"தெரிஞ்சு என்ன செய்யப் போற நீ? சொல்லு, என்ன செய்யப் போற?"

குரல் உடைஞ்சு போச்சு அவங்களுக்கு. என்ன செய்வேன்? எனக்கு இந்தப் பிள்ளை வேணும். ஆனா பாலு மாதிரி மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சுல கிடக்க ஒரு பிள்ளையைப் பெத்துப் போட எனக்குத் தைரியம் இல்ல. ரெண்டும் நிஜம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கேன்.

"யார்கிட்டயும் எதுவும் பேசாத. எல்லாம் நல்லபடியா நடக்கும். நான் சொல்லுதேன்ல"ன்னுட்டு, காபியைக் குடிக்காமலே ஆபீஸுக்குப் போயிட்டாங்க.

ஆகஸ்ட் 24, சனி

அம்மா ஃபோன் பண்ணினா. என்னட்டி குரல் ஒரு மாதிரி இருக்குன்னா. சளின்னேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

போயிட்டு வந்துட்டேன்.

அத்தான் கிளம்பினதும் குளிச்சு, சேலை கட்டி, கீழ இறங்கி ஆட்டோ பிடிச்சேன். இந்த ஊருக்கு வந்து தனியா நான் ஆட்டோ ஏறினதே இன்னைக்குத்தான். வழி பூரா என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன். உள்ள போனதும் எல்லாம் மறந்து போச்சு. நின்ன வாக்குலயே சொல்லிட்டேன்.

"டாக்டர், இவங்க என் அத்தை மகன். எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் ஒரே ரத்தம். இவங்க அக்கா பிள்ளை தலசீமியாவுல இறந்து போச்சு."

டாக்டர் பேனாவைக் கீழ வச்சாங்க. சிரிக்கல. தலையில கை வைக்கல.

"இதை ஏம்மா முதல் நாளே சொல்லல?"

"கேட்டப்போ நான் உள்ள இல்ல டாக்டர்."

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்தாங்க. பெறவு தெளிவா, நிதானமாச் சொன்னாங்க. முதல்ல என் ரத்தம். எனக்கு இருந்தா அவர் ரத்தம். ரெண்டு பேருக்கும் இருந்தா, வயித்துல ஊசி போட்டு நஞ்சுக்கொடியிலேருந்து துளி எடுத்துப் பிள்ளைக்கு இருக்கான்னு பார்ப்பாங்க. அதுக்கு இதுதான் சரியான நேரம். "நாள் கடத்தினா ஒவ்வொரு வழியா அடைபட்டுக்கிட்டே போகும்மா"ன்னாங்க.

கையை நீட்டுனேன். ரத்தம் எடுத்தாங்க. ஊசி குத்தும்போது ஏனோ எனக்கு அழுகை வரல. நிம்மதியா இருந்துச்சு. வெளிய வந்து தெருமுனைக் கடையில தயிர்சாதம் வாங்கி, நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். வாந்தி வரல.

சாயங்காலம் அத்தான்கிட்டச் சொன்னேன். திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். பால்கனியில போய் நின்னுக்கிட்டாங்க.

ஆகஸ்ட் 29, வியாழன்

எனக்கு இருக்கு.

எனக்கு ஒண்ணும் ஆகாது, அது வெறுமனே ஒளிஞ்சிருக்கிற குறைதானாம். இனிமே எல்லாம் அத்தான் கையிலதான். அவங்க ரத்தம் சுத்தமா இருந்தா பயமே இல்ல. நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கோமதியம்மனை வேண்டிக்கிட்டேன்: அவங்களுக்கு இருக்கக் கூடாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு. கணக்குப் படிச்சது இதுக்குத்தான் உதவுது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நடந்ததை நடந்த மாதிரியே எழுதுறேன்.

ஆஸ்பத்திரிக்கு அத்தான் மறுப்புச் சொல்லாம வந்தாங்க. ரத்தம் எடுக்கிற அறையில ஒரு பொண்ணு இருந்துச்சு. கை வைக்கிற நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொன்னா. அத்தான் உட்கார்ந்தாங்க. அவ என்னைப் பார்த்துட்டு அவங்ககிட்டக் கேட்டா: "இவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"என் மாமா மக"ன்னாங்க. அப்புறம்தான் "என் வீட்டுக்காரி"ன்னாங்க.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வாசல்ல அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க, எல்லார் காதுலயும் விழுற மாதிரிச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு சட்டைக் கையை மடிச்சு விடச் சொல்லி, ரப்பரை எடுத்தா. அத்தான் கையை நீட்டல. மடியிலயே வச்சிருந்தாங்க.

"எனக்கு எடுக்க வேண்டாம்மா"ன்னாங்க. "எனக்கும் இருக்கு. தெரியும்."

அந்தப் பொண்ணுக்குப் புரியல. எனக்கும் புரியல. அங்கயே உட்கார்ந்து அத்தான் எல்லாத்தையும் சொன்னாங்க.

பாலு இருக்கும்போதே மதுரை ஆஸ்பத்திரியில வீட்டாளுங்க எல்லாருக்கும் ரத்தம் பார்க்கணும்னு சொன்னாங்களாம். மத்தவங்க யாரும் போகல. இவங்க மட்டும் போனாங்களாம். அங்கே இருந்த டாக்டர் இவங்களை உட்கார வச்சுச் சொல்லியிருக்கார்: தம்பி, சொந்தத்துல மட்டும் கட்டிராத. கட்டுறதா இருந்தா அந்தப் பொண்ணுக்கும் பார்த்துட்டுக் கட்டு. இதெல்லாம் எங்களுக்கு நிச்சயம் பண்ணிப் பூ வைக்கிறதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி. வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. எனக்கும் சொல்லல. என் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு வார்த்தை கேக்கல. தாலி கட்டினாங்க. பேசாம இருந்துட்டாங்க.

பெறவு டாக்டர் அறை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஊசி. அதுல பிள்ளைக்கு இருக்கா, இல்லையான்னு தெரிஞ்சிரும். இல்லாம இருக்கத்தான் முக்கால்வாசி வாய்ப்புன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. நான் தலையாட்டினேன். அம்மாவை வரச் சொல்லி ஆஸ்பத்திரி வாசல்லேருந்தே ஃபோன் பண்ணினேன். எதுக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். அம்மா அழுதா. மதினிக்கும் நானே சொல்லுவேன்னு சொன்னேன்.

கார்ல ஏறினதும் இவங்க வண்டியை எடுக்கல. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் அழல, கத்தல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கட்டுனீங்க?"

என் முகத்தைப் பார்க்காம சொன்னாங்க: "உன்னை வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டு என்னால இருந்திருக்க முடியாதுட்டி. சின்ன வயசிலேருந்தே முடியாது."

எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து இந்த ஒரு வார்த்தையை இந்த ஆள் வாயிலேருந்து கேக்கத்தான் ஏங்கிக் கிடந்தேன். இன்னைக்குக் கேட்டுட்டேன். கேட்டதும் என் ரெண்டு கையும் அவங்க பக்கம் போகல. வயித்தைத்தான் பொத்திக்கிச்சு.